டைனரில் காலைச் சாப்பாடு: நியூ ஜெர்சிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நியூ ஜெர்சிக்குக் குடிவந்த புதிதில், டைனர் என்னும் சாலையோர உணவகம் கண்ணில் படாமல் போகாது. பளபளக்கும் எவர்சில்வர் தகடு போர்த்திய சுவர், வளைந்த மூலைகள், நியான் எழுத்தில் பெயர், காலை ஏழு மணிக்கே நிறைந்து நிற்கும் கார்கள். எடிசன், ஜெர்சி சிட்டி பக்கம் இட்லி தோசைக்குப் பஞ்சமில்லை என்பதால் நம்மவர்கள் பலர் வருடக்கணக்கில் உள்ளே எட்டிப் பார்ப்பதே இல்லை. போனவர்களிலும் சிலர் ஒரே தடவையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் சர்வர் மூச்சுவிடாமல் கேட்கும் ஐந்தாறு கேள்விகள்தான். முட்டை எப்படி, ரொட்டி எது, உருளைக்கிழங்கா பழமா, கறி என்ன என்று கேட்டுக்கொண்டே போவார். புரியாமல் எல்லாவற்றுக்கும் "யெஸ்" சொன்னால், கேட்காத பன்றி இறைச்சியும் சொட்டச் சொட்ட மஞ்சள் கருவும் தட்டில் வந்து உட்காரும்.

எந்த டைனருக்குப் போனாலும் கேள்விகள் ஏறக்குறைய இவைதான். வரிசையும் பெரிதாக மாறாது. ஒவ்வொன்றுக்கும் பதிலை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு போனால், உங்களுக்கு வேண்டியதை வேண்டிய விதத்தில் இவ்வளவு அக்கறையாகச் செய்து கொடுக்கும் இடம் அமெரிக்காவில் வேறு கிடைப்பது அரிது. சமையல்காரர் ஒவ்வொரு தட்டையும் சீட்டைப் பார்த்துத் தனித்தனியாகத்தான் போடுகிறார். அதனால் நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதுதான் வரும்.

எப்போது போவது, எங்கே உட்காருவது

முதல் தடவை வார நாளில் போங்கள். காலை எட்டரைக்கு மேல் பத்தரைக்குள் போனால், வேலைக்கு ஓடும் கூட்டம் கலைந்திருக்கும், மதியக் கூட்டம் வந்திருக்காது. கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ள சர்வருக்கும் உங்களுக்கும் நேரம் இருக்கும். "ஸ்பெஷல்" என்று குறைந்த விலைக்குப் போடும் தட்டுகளும் பல இடங்களில் வார நாள் காலை 11 மணி வரைக்கும்தான். ஞாயிற்றுக்கிழமை பத்து முதல் ஒரு மணி வரை தேவாலயத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள்; அரை மணி நேரம் நின்றுதான் இடம் பிடிக்க வேண்டியிருக்கும். ஒரு காலத்தில் இங்கே பல டைனர்கள் 24 மணி நேரமும் திறந்திருந்தன. 2020க்குப் பிறகு நிறைய இடங்களில் நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். அதிகாலை என்றால் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

உள்ளே நுழைந்ததும் வாசலருகே ஒரு பலகை இருக்கும். "ப்ளீஸ் வெயிட் டு பி சீட்டட்" என்றிருந்தால் அங்கேயே நில்லுங்கள், ஆள் வந்து கூட்டிப்போவார். "சீட் யுவர்செல்ஃப்" என்றிருந்தால் காலியாக உள்ள இடத்தில் நீங்களே உட்காரலாம். முந்தையவர்களின் எச்சில் தட்டு இன்னும் எடுக்கப்படாத மேசையில் மட்டும் போய் உட்காராதீர்கள். மேசைகள் சர்வர்களுக்குள் பிரிக்கப்பட்டிருக்கும். துடைத்து முடிக்காத மேசையை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், நீங்கள் காத்துக்கொண்டே இருப்பீர்கள். கூட்ட நேரத்தில் பெயரை எழுதிக்கொள்வார்கள். அப்போது இரண்டு அசையில் முடியும் பெயராகச் சொல்லுங்கள். "வெங்கட்ராமன்" என்று கொடுத்தால் கூப்பிடும்போது அது உங்கள் பெயர் என்று உங்களுக்கே தெரியாது, "வெங்கட்" போதும்.

தனியாகப் போனால் கவுன்ட்டர்தான் சரியான இடம். நீளமான மேடை, முன்னால் தரையில் பதித்த சுழல் முக்காலிகள். டைனர் இப்படி ஒடுங்கி நீண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. 1872ல் ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர் இரவுவேலை பார்த்த பத்திரிகைக்காரர்களுக்குக் குதிரை வண்டியில் சாப்பாடு விற்றதிலிருந்துதான் இந்த வகைக் கடை தொடங்குகிறது. பிறகு இவற்றைத் தொழிற்சாலையிலேயே முழுக் கட்டடமாகச் செய்து, ரயிலிலும் லாரியிலும் ஏற்றி ஊருக்கு ஊர் அனுப்பினார்கள். அப்படிச் செய்த ஜெர்ரி ஓ'மஹோனி போன்ற பெரிய கம்பெனிகள் பல நியூ ஜெர்சியில் இருந்தன. ரோட்டில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டிய கட்டடம் அகலமாக இருக்க முடியாது அல்லவா? பழைய டைனர்களில் கவுன்ட்டருக்கு நேர் பின்னாலேயே அடுப்பு இருக்கும். உங்கள் முட்டை உடைபடுவது முதல் தட்டுக்கு வருவது வரை பார்க்கலாம். இருவருக்கு மேல் என்றால் பூத், அதாவது எதிரெதிரே மெத்தை வைத்த பெஞ்சுகள். நெரிசலில் ஒற்றை ஆள் நான்கு பேர் பூத்தைப் பிடித்துக்கொள்வது மட்டும் அழகல்ல.

முதல் கேள்வி: காபி

மெனு கைக்கு வரும் முன்பே காபி கேட்பார்கள். பத்துப் பக்கத்துக்கு மேல் லாமினேட் செய்த மெனு கண்டு மலைக்க வேண்டாம், காலைச் சாப்பாடு அதில் முதல் இரண்டு மூன்று பக்கம்தான்.

காபியைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டிகாக்‌ஷனும் நுரை பொங்கும் பாலுமாக எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இங்கே வருவது கண்ணாடிக் குடுவையில் வடிந்த நீர்த்த கறுப்புக் காபி. கூடவே விரல்நுனி அளவு டப்பாக்களில் ஹாஃப் அண்ட் ஹாஃப் தருவார்கள். பாலும் க்ரீமும் சரிபாதி கலந்தது. ஒரு டப்பாவில் ஏறக்குறைய இரண்டு டீஸ்பூன் இருக்கும். நம்மூர்க் காபி நிறத்துக்கு வர ஒரு மக்குக்கு, அதாவது ஒரு கோப்பைக்கு, குறைந்தது மூன்று டப்பா வேண்டும். அது குளிர்ந்தோ அறை வெப்பத்திலோ இருப்பதால் ஊற்றியதும் காபி ஆறிவிடும். சூடு முக்கியம் என்பவர்கள் "ஹாட் மில்க் ஆன் த சைட்" என்று கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

ஒருமுறை காசு கொடுத்தால் போதும், எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்புவார்கள். மக்கை மேசை விளிம்புக்குத் தள்ளி வைத்தால் "இன்னும் வேண்டும்" என்று பொருள். போதுமென்றால் மக்கின் மேல் கையை வைத்து "ஐ'ம் குட், தேங்க் யூ". பாதிக் கோப்பையில் கேட்காமலே வந்து ஊற்றுவார்கள் என்பதால், சர்க்கரையும் க்ரீமும் அளந்து கலந்து வைத்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஆரஞ்சுப் பிடி போட்ட குடுவை டிகாஃப், காஃபீன் நீக்கியது. கறுப்பு அல்லது பழுப்புப் பிடி சாதாரணக் காபி. சூட்டுத் தட்டில் வெகுநேரம் இருந்த காபி கசந்துவிடும். கூட்டமில்லாத நேரத்தில் "இஸ் தேர் எ ஃப்ரெஷ் பாட்?" என்று கேட்பதில் தவறே இல்லை.

டீ கேட்டால் சின்ன உலோகக் கெட்டிலில் வெந்நீர், ஒரு டீ பை, ஒரு எலுமிச்சைத் துண்டு வரும். பால் வேண்டுமென்றால் சொல்லிக் கேளுங்கள். எலுமிச்சையைப் பிழிந்த பிறகு பாலை ஊற்றினால் திரிந்துபோகும். ஒரு பையில் திடம் வராது. இரண்டு பைகள் கேட்டு வாங்கி, மூடி வைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். தண்ணீர் ஐஸ் போட்டுத்தான் வரும். "நோ ஐஸ்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முட்டை

மெனுவில் "டூ எக்ஸ் எனி ஸ்டைல்" என்ற வரியைத் தேடுங்கள். இரண்டு முட்டை, உருளைக்கிழங்கு, டோஸ்ட். கறியோடு ஒரு விலை, கறி இல்லாமல் ஒரு விலை என இரண்டு வரிகளாக இருக்கும். கறி வேண்டாதவர்கள் கறி இல்லாத வரியையே காட்டிக் கேளுங்கள். கறியோடு உள்ளதைச் சொல்லிவிட்டு "அதை எடுத்துவிடுங்கள்" என்றால் விலை குறையாது.

"ஹவ் வுட் யூ லைக் யுவர் எக்ஸ்?" என்பதுதான் பலரும் தடுக்கி விழும் இடம்.

சன்னி சைட் அப் என்றால் திருப்பிப் போடாத முட்டை. மஞ்சள் கரு முழுத் திரவமாக இருக்கும், அதைச் சுற்றியுள்ள வெள்ளையும் சில சமயம் கொழகொழவென்று நிற்கும். நம்மூர் ஆஃப் பாயில் இதற்குப் பக்கத்தில் வரும், ஆனால் மிளகுத்தூள் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். ஓவர் ஈஸி என்றால் திருப்பிப் போட்டு உடனே எடுத்தது; வெள்ளை வெந்திருக்கும், மஞ்சள் ஓடும். ஓவர் மீடியம் இன்னும் கொஞ்ச நேரம் விட்டது. வெட்டினால் மஞ்சள் கரு ஓடாது, ஆனால் நடுவில் பிசுபிசுவென்று கெட்டியாக இருக்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: டோஸ்ட்டில் தொட்டுக்கொள்ளவும் வரும், வாடையும் அடிக்காது. ஓவர் ஹார்ட் என்றால் மஞ்சள் முழுக்க வெந்தது, நம் ஃபுல் பாயில்.

ஸ்க்ராம்பிள்டு கேட்டால் கலக்கிய முட்டை. முட்டைப் பொரியலை மனதில் வைத்துக் கேட்டால் ஈரமாகவும் வெளிறியும் வரும். உதிரி உதிரியாக வேண்டுமென்றால் "ஸ்க்ராம்பிள்டு வெல்" என்று சொல்ல வேண்டும். போச்டு என்றால் ஓடில்லாமல் கொதிநீரில் வேகவைத்தது. எண்ணெய் கிடையாது, அடுப்புக் கல்லையும் தொடாது. சைவ அடுப்புச் சுத்தம் பார்க்கும் ஆனால் முட்டை சாப்பிடும் குடும்பங்களுக்கு இதுதான் நல்ல வழி. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முட்டை வரிகளுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டு, சரியாக வேகாத முட்டையால் நோய் வரலாம் என்று அடியில் எழுதியிருப்பார்கள். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், வயதானவர்கள் அதை ஏற்று ஓவர் ஹார்ட் கேட்பதே நல்லது. நியூ ஜெர்சியில் 1992ல் உணவகங்களில் அரைவேக்காட்டு முட்டைக்கே தடை விதித்து ஒரு விதி வந்தது. மக்கள் கொதித்தெழுந்ததும் சீக்கிரமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். காலை முட்டை இங்கே அவ்வளவு பெரிய விஷயம்.

ஆம்லெட் என்றால் வழக்கமாக மூன்று முட்டை. ஒரு ஆளுக்குத் தாராளம். வெளியே வெளிர் மஞ்சளாகவும் உள்ளே ஈரமாகவும் மடித்துத் தருவது அவர்கள் வழக்கம். சிவக்கச் சிவக்க வேண்டுமென்றால் "வெல் டன்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். பெயர்களில் கவனம் வேண்டும்: வெஸ்டர்ன் ஆம்லெட்டில் பன்றி ஹாம் உண்டு. கிரீக் ஆம்லெட்டில் ஃபெட்டா சீஸும் தக்காளியும், பல இடங்களில் கீரையும் இருக்கும். ஃப்ளோரன்டீன் என்ற பெயர் வந்தால் கீரை என்று புரிந்துகொள்ளலாம். கிரேக்கத்திலிருந்து குடியேறியவர்கள் நடத்தும் டைனர்கள் இங்கே ஏராளம் என்பதால் ஃபெட்டாவும் கீரையும் நல்ல தரத்தில் கிடைக்கும். காரம் கேட்கும் நாக்குக்கு கிரீக் ஆம்லெட்டோடு "ஆட் ஹாலபேன்யோஸ்" என்று சொன்னால் பச்சை மிளகாய் வட்டங்கள் சேரும், ஒரு டாலர் கூடலாம். மேசையில் ஹாட் சாஸ் இல்லையென்றால் கேளுங்கள். அது காரத்தைவிடப் புளிப்பு, அளவாக விடுங்கள்.

உருளையும் ரொட்டியும்

நியூ ஜெர்சி டைனர்களில் தட்டோடு வருவது ஹோம் ஃப்ரைஸ். வேகவைத்த உருளையைத் துண்டு போட்டு, வெங்காயம், மிளகாய்ப்பொடி வகையான பாப்ரிகா சேர்த்துக் கல்லில் புரட்டியது. ஹாஷ் பிரவுன்ஸ் என்றால் துருவிய உருளையை அடையாகத் தட்டிப் பொரித்தது. காலையில் ஒரு பெரிய குவியலாகப் போட்டு, கல்லின் ஓரத்தில் சூடாக வைத்து அள்ளி அள்ளித் தருவதால் ஹோம் ஃப்ரைஸ் சில சமயம் தொளதொளவென்று வரும். "ஹோம் ஃப்ரைஸ் வெல் டன்" என்றால் உங்கள் பங்கைத் தனியே இழுத்து, கல்லில் அழுத்தி, அடி முறுகும் வரை விடுவார் சமையல்காரர். இரண்டு மூன்று நிமிடம் கூட ஆகும், ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு பலன் வேறெதற்கும் இல்லை. உருளை வேண்டாதவர்கள் பதிலுக்குத் தக்காளித் துண்டுகள் கேட்கலாம். பழம் கேட்டால் பெரும்பாலும் கூடுதல் காசு.

டோஸ்ட் கேள்விக்கு ஒற்றைச் சொல் போதும்: ஒயிட், வீட், ரை. ரை என்பது கோதுமைக்கு நெருங்கிய இனத்துத் தானியம் சேர்ந்த ரொட்டி. அதில் பல சமயம் சீரகச் சாயலில் மணக்கும் கேரவே விதைகள் இருக்கும், நம் நாக்குக்குச் சட்டென்று பிடிக்கும். பேகல் என்ற வளைய ரொட்டி கேட்டால் சில இடங்களில் கூடக் காசு. டோஸ்ட்டில் வெண்ணெயைத் தடவித்தான் கொண்டுவருவார்கள், வேண்டாமென்றால் "ட்ரை". மேசையில் அடுக்கியிருக்கும் ஜெல்லிப் பொட்டலங்கள் பழத்திலுள்ள பெக்டினால் கெட்டிப்பட்டவை, ஜெலட்டின் பயம் வேண்டாம். ஹாட் சாக்லெட்டில் மிதக்கும் மார்ஷ்மெல்லோவில்தான் ஜெலட்டின் இருக்கும்.

கறி

பேக்கன், சாசேஜ், ஹாம் மூன்றும் பன்றி. வேறு பெயர் சேர்க்காமல் "சாசேஜ்" என்றால் பன்றி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கார்ன்டு பீஃப் ஹாஷ் மாட்டிறைச்சியும் உருளையும் பிசைந்து வறுத்தது. உருளைக்கிழங்கு மாதிரியே தோற்றமளிக்கும் என்பதால் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான இடங்களில் டர்க்கி பேக்கன், டர்க்கி சாசேஜ் உண்டு. ஆனால் அதுவும் அதே கல்லில்தான் வேகும்.

பன்றி சாப்பிடுகிறவர்கள் இந்த மாநிலத்துக்கே உரிய ஒன்றை விட்டுவிடக் கூடாது. டிரென்டனில் ஜான் டெய்லர் 1856ல் உருவாக்கிய பதப்படுத்திய பன்றிக்கறி அது. மாநிலத்தின் வடக்கே டெய்லர் ஹாம், தெற்கே போர்க் ரோல் என்பார்கள். வட்ட வில்லையாக வெட்டி, சூட்டில் கிண்ணமாகக் குவியாமலிருக்க ஓரத்தில் கீறல் போட்டு வறுத்து, முட்டையும் சீஸும் வைத்து உருண்டை ரொட்டிக்குள் தருவார்கள். "சால்ட், பெப்பர், கெட்சப்?" என்று ஒரே மூச்சில் கேட்பார்கள். மூன்றும் வேண்டுமென்றால் தலையாட்டினால் போதும். கறியே உப்பு என்பதால் உப்பை விட்டுவிடலாம்.

பான்கேக்

ஷார்ட் ஸ்டாக் என்றால் வழக்கமாக இரண்டு, சில இடங்களில் மூன்று. ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டகலம் இருக்கும். மேசைக்கு நடுவே ஒரு ஷார்ட் ஸ்டாக் வாங்கிப் பகிர்ந்துகொள்வதே கெட்டிக்காரத்தனம். குழந்தைகளுக்கு சில்வர் டாலர் என்ற சின்ன அளவு உண்டா என்று கேளுங்கள். மேசையில் இருக்கும் சிரப் பெரும்பாலும் சோளச் சிரப்பில் வாசனை சேர்த்தது. மேப்பிள் மரத்துப் பாலைக் காய்ச்சிய அசல் சிரப் வேண்டுமென்றால் "ரியல் மேப்பிள்" என்று கேட்க வேண்டும், தனிக் காசு. கொடுக்கலாம், வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும்.

சைவம்

இந்தப் பகுதியைச் சைவர்கள் போவதற்கு முன் நிதானமாகப் படியுங்கள். டைனர் சமையலின் மையம் ஒரே ஒரு பெரிய தட்டைக் கல். நம் ஓட்டல் தோசைக்கல்லை நாலு மடங்கு நீட்டிவிட்டது போல. அதன் ஒரு பக்கம் பேக்கன் கொழுப்பு விட்டுக் கிடக்கும், இன்னொரு பக்கம் முட்டை, நடுவே பான்கேக், ஓரத்தில் உருளை. ஒரே கரண்டிதான் எல்லாவற்றையும் புரட்டும். கல் வழிக்கப்படும், கழுவப்படாது. சில சமையல்காரர்கள் வாசனைக்காக உருளையைப் பேக்கன் கொழுப்பிலேயே புரட்டுவதும் உண்டு. ஆகவே கறி சேராத தட்டு, கறி தொடாத கல் இரண்டும் வெவ்வேறு. உங்களுக்கு எது தேவை என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

தட்டில் கறி இல்லாவிட்டால் போதும் என்பவர்களுக்குப் பிரச்சினை அதிகமில்லை. "நோ மீட், நோ சிக்கன், நோ ஃபிஷ்" என்று பிரித்துச் சொல்லுங்கள். "வெஜிடேரியன்" என்ற சொல்லை மீனும் கோழியும் சேர்த்துப் புரிந்துகொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிறகு உருளையைப் பற்றி ஒரு கேள்வி: "ஆர் த ஹோம் ஃப்ரைஸ் குக்டு இன் பேக்கன் ஃபேட்?" ஆமாம் என்றால் பழத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிஸ்கட் அண்ட் கிரேவி என்ற தட்டைத் தொடவே வேண்டாம். கிரேவி பார்க்க வெள்ளையாக, பால் சேர்த்தது போல இருந்தாலும் பன்றி சாசேஜ் கொழுப்பில் செய்தது. அந்த பிஸ்கட் நம்மூர் பிஸ்கட் அல்ல, மெத்தென்ற சின்ன ரொட்டி; அதிலும் பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கலாம்.

கல்லே கூடாது என்பவர்கள் கல்லுக்குப் போகாத சாமான்களாகப் பொறுக்க வேண்டும். டோஸ்ட் டோஸ்டரில் வரும். வாஃபிள் தனி அச்சில் வேகும், அதில் முட்டை உண்டு. போச்டு முட்டையும் அவித்த முட்டையும் தண்ணீரில் வேகும். ஓட்ஸ் பானையில் கொதிக்கும். பாலிலா தண்ணீரிலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆம்லெட்டைச் சில இடங்களில் தனி வாணலியில் போடுவார்கள். கூட்டமில்லாத நேரத்தில் "குட் யூ டூ இட் இன் எ க்ளீன் பான்?" என்று கேட்டால் செய்து தருவார்கள். ஞாயிறு பதினொரு மணிக்குக் கேட்டால் வாய் சரி என்று சொன்னாலும் கை செய்யாமல் போகலாம். சந்தேகமிருந்தால் அந்த நேரத்தில் போகாமலிருப்பதே உத்தமம்.

முட்டையும் ஆகாதவர்களுக்கு: பான்கேக், வாஃபிள், ஃப்ரெஞ்ச் டோஸ்ட், மஃபின் நான்கிலும் முட்டை உண்டு. மிஞ்சுவது ஓட்ஸ், பேகலும் க்ரீம் சீஸும், டோஸ்ட்டும் ஜெல்லியும், பழக் கிண்ணம், கல் பிரச்சினை இல்லையென்றால் உருளை. இவற்றில் பேகலும் பழமும் காபியும் சேர்ந்தால் வயிறு நிறையும். முழுத் தட்டும் வேண்டாம், இவ்வளவுதான் வேண்டும் என்று சொல்வதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. மெனுவில் "சைட்ஸ்" என்ற பகுதியில் எல்லாமே தனித்தனியாகக் கிடைக்கும்.

சொல்லும் முறை

சர்வர் எந்த வரிசையில் எழுதுவாரோ அந்த வரிசையில் சொன்னால் ஒரு கேள்வியும் வராது: முட்டை, கறி, உருளை, ரொட்டி. "டூ எக்ஸ் ஓவர் மீடியம், நோ மீட், ஹோம் ஃப்ரைஸ் வெல் டன், ரை டோஸ்ட்." ஆம்லெட்டுக்கு: "கிரீக் ஆம்லெட், வெல் டன், ஆட் ஹாலபேன்யோஸ், வீட் டோஸ்ட்." கல் தொடாத தட்டுக்கு: "டூ போச்டு எக்ஸ், நோ மீட், ஃப்ரூட் இன்ஸ்டெட் ஆஃப் பொட்டேட்டோஸ், வீட் டோஸ்ட் ட்ரை." குடும்பமாகப் போனால் ஒவ்வொருவரும் தத்தம் தட்டைத் தாங்களே சொல்வது நல்லது. ஒருவர் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லும்போதுதான் யாருடைய முட்டை யாருக்கு என்ற குழப்பம் வரும், ஏனென்றால் சர்வர் இருக்கை வரிசைப்படி எழுதிக்கொள்கிறார்.

"ஹன்", "ஸ்வீட்டி" என்று கூப்பிட்டால் திகைக்க வேண்டாம். வயதான சர்வர்கள் எல்லோரையும் அப்படித்தான் அழைப்பார்கள், நம்மூர்க் கடையில் "கண்ணு" என்பது மாதிரிதான். கூப்பிட வேண்டுமென்றால் கண்ணைப் பார்த்துக் கையை லேசாக உயர்த்துங்கள். விரல் சொடுக்குவதும், தூரத்திலிருந்து குரல் கொடுப்பதும் அவமரியாதை.

தட்டு பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். வந்ததும் முட்டையை வெட்டிப் பாருங்கள். நீங்கள் கேட்ட பதத்தில் இல்லையென்றால் உடனே சொல்லிவிடுங்கள், மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள். பாதி சாப்பிட்ட பிறகு சொன்னால் அவர்களுக்கும் சங்கடம். ஐந்து நிமிடத்தில் சர்வர் திரும்பி வந்து "எவ்ரிதிங் ஓகே?" என்று கேட்பது அதற்காகத்தான். மிச்சமானால் "கேன் ஐ கெட் எ பாக்ஸ்?" டப்பாவை மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள், நீங்களே எடுத்து அடைக்க வேண்டும். உருளையும் ஆம்லெட்டும் வீட்டில் வாணலியில் சூடாக்கினால் நன்றாக இருக்கும்; ஓவர் ஈஸி முட்டையை மட்டும் எடுத்துப்போகாதீர்கள்.

பில்லும் டிப்ஸும்

பில்லை அங்கே "செக்" என்பார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மேசையில் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். துரத்துகிறார்கள் என்று எண்ண வேண்டாம். பழைய பாணி டைனரில் அதை எடுத்துக்கொண்டு வாசலருகே உள்ள கல்லாவில் நீங்களே போய்க் கட்ட வேண்டும். மேசையிலேயே கார்டை வைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் வெகுநேரம் காத்திருப்பார்கள்.

மெனுவில் போட்ட விலையில் வரி சேர்ந்திருக்காது. நியூ ஜெர்சியில் விற்பனை வரி 6.625 சதவீதம். டிப்ஸ் வரிக்கு முந்தைய தொகையில் 18 முதல் 20 சதவீதம். உதாரணமாக, முட்டைத் தட்டு 10.95, காபி 3.00, ஆக 13.95 டாலர். வரி 92 சென்ட், மொத்தம் 14.87. இருபது சதவீத டிப்ஸ் 2.79, முழுதாக 3 டாலர் வையுங்கள். வெறும் காபி மட்டும் குடித்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் இரண்டு மூன்று டாலராவது வைப்பதுதான் முறை, அந்த இருக்கையில் இன்னொருவர் சாப்பிட்டிருப்பார்.

டிப்ஸை இஷ்டப்பட்டால் கொடுக்கும் அன்பளிப்பாக நினைக்காதீர்கள். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி, அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர். 1991 முதல் அது மாறவே இல்லை. நியூ ஜெர்சி உட்படப் பல மாநிலங்கள் அதைக் கூட்டி வைத்திருந்தாலும், சர்வரின் வீட்டு வாடகை மேசையில் கிடக்கும் நோட்டுகளிலிருந்துதான் போகிறது. சமையல் பிடிக்கவில்லை என்பதற்காக அதில் கைவைப்பது நியாயமில்லை, முட்டையை வேகவைத்தது அவரில்லை.

ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகள் கையில் இருந்தால் டிப்ஸை மேசையிலேயே மக்கின் அடியில் வைத்துவிட்டு எழுந்திருக்கலாம். சில டைனர்கள் ரொக்கம் மட்டுமே வாங்கும், வேறு சில இடங்களில் கார்டுக்குக் கூடுதல் சதவீதம் போடுவார்கள். இரண்டும் கதவிலோ கல்லாவிலோ எழுதி ஒட்டியிருக்கும், உட்காரும் முன் பார்த்துவிடுங்கள். கார்டில் கட்டினால் சீட்டில் "டிப்" என்ற கோட்டில் டிப்ஸ் தொகையையும் "டோட்டல்" என்ற கோட்டில் கூட்டுத் தொகையையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். ரொக்கமாக டிப்ஸ் வைத்திருந்தால் டிப் கோட்டில் "கேஷ்" என்று எழுதுங்கள். இரண்டு சீட்டு தருவார்கள். கையெழுத்திட்டதைக் கடையில் விட்டுவிட்டு, "கஸ்டமர் காப்பி" என்றிருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றி எடுத்துவந்தால் நீங்கள் எழுதிய டிப்ஸ் சர்வருக்குப் போய்ச் சேராது.